இறங்காத கப்பல் சக்கர்

அன்று அந்தமானில் எங்கள் சௌல்தாரி டிஸ்பென்சரியின் உள்ளறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். போர்ட் பிளேரிலிருந்து வாரம் ஒருமுறை ஜீப்பில் வரும் வங்காளி டாக்டர். அங்கேயே தங்கி வேலை பார்த்த மலையாளி நர்ஸ். எங்கள் எல்லாருக்கும் அவர் சிஸ்டர். ரோடு போடும் வேலையில் சர்க்கார் மஸ்தூராக, அதாவது கூலியாளாக, இருந்த என் வீட்டுக்காரர். பக்கத்து வீட்டு அக்கா. அவரை யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் வந்திருந்தார். பிறகு நான், ஏழு மாத வயிற்றோடு. வயிற்றில் இருந்தவளையும் சேர்த்தால் ஆறு. அவளைச் சேர்க்காமல் விட எனக்கு மனம் வராது. வெளியே பெஞ்சில் இருந்த பெண்களின் காதுகளும் உள்ளேதான் இருந்தன, ஆனால் அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நாங்கள் போனது ஒரு கையெழுத்துக்காக. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்பதில் எங்கள் ராமநாதபுரத்துச் சனங்கள் தீவுக்கு வந்த பிறகும் விட்டுக்கொடுக்கவில்லை. ஊரில் என்றால் மாட்டுவண்டியோ பஸ்ஸோ போதும். இங்கே கப்பல். மூன்று ராத்திரி கடலில் கிடந்து மெட்ராஸ் போய், அங்கிருந்து ரயில். மாதம் ஏறிய பெண் கப்பலில் கால் வைக்கவேண்டும் என்றால், பயணத்துக்கு உடம்பு தாங்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுக்கவேண்டும். வளையல் போட்டாகிவிட்டது. அக்காவிடம் கடன் வாங்கி டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. மெட்ராஸ் போகிற ஒரு குடும்பத்தோடு என்னைச் சேர்த்து அனுப்புவதாக ஏற்பாடு. பாக்கி இருந்தது அந்தக் கையெழுத்து ஒன்றுதான்.

எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டாம் என்று இருந்தது. ஏன் வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

நான் சின்ன வயதிலிருந்தே பயந்தவள். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தியதற்கு வீட்டில் ஆயிரம் காரணம் சொன்னார்கள். பரீட்சைக்கு முந்தின நாளெல்லாம் நான் காய்ச்சலில் படுத்துவிடுவேன் என்பதும் அதில் ஒன்று. ஆனால் கர்ப்பத்தில் வந்தது அந்தப் பயம் இல்லை. அது வேறு ஜாதி. இந்தத் தீவில் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்ட ஆரம்பித்துவிடும். வெளிச்சம் குறையக் குறைய என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். உள்ளங்கை ஈரமாகும். சோறு தொண்டையில் நிற்கும். அடுப்பு அணைந்ததா என்று பார்த்துவிட்டு வந்து, பார்த்தேனா என்று சந்தேகப்பட்டு மறுபடி போவேன். பூரான் ஏறிவிடும் என்று பாயை உதறி, உதறின பாயை மறுபடி உதறுவேன். தூக்கம் என்பது மற்றவர்கள் செய்கிற காரியமாக ஆகிவிட்டது.

இதற்கு எங்கள் பகுதியில் ஒரு பெயர் இருந்தது. கப்பல் சக்கர்.

சக்கர் என்றால் இங்குள்ள ஹிந்தியில் தலைசுற்றல். கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்குக் கொஞ்ச நாள் தரையும் ஆடும். உட்கார்ந்தால் பெஞ்சு ஆடும், படுத்தால் பாய் ஆடும். தீவில் இருந்த எல்லாருமே கப்பலில் வந்தவர்கள் என்பதால் எல்லாருக்கும் அது தெரியும். தெரிந்த ஒன்று கையில் இருந்தால் அதை வைத்தே எல்லாவற்றையும் அளந்துவிடுவது மனுஷ வழக்கம். புதிதாக வந்தவளுக்குச் சோறு இறங்கவில்லையா, கப்பல் சக்கர். தூக்கம் வரவில்லையா, கப்பல் சக்கர். காரணம் இல்லாமல் கண்ணில் தண்ணீர் வருகிறதா, அதுவும் அந்தச் சக்கர்தான். வங்காளிகளும் தெலுங்கர்களும்கூட இதில் எங்களோடு ஒரே கட்சி.

அந்தக் கட்சிக்குத் தலைவி எங்கள் பக்கத்து வீட்டு அக்கா.

"எனக்கே ஆறு மாசம் ஆடுச்சு. உனக்கு ஒடம்பு மெலிசு. இன்னுங் கொஞ்சம் ஆடும். ஊறுகாய நக்கிட்டுப் படு புள்ள" என்பார். ஊறுகாயும் அவரே கொண்டுவருவார். அன்பான மனுஷி. அதனால்தான் அவரை மறுத்துப் பேச முடியவில்லை.

டாக்டரும் இந்தக் கணக்கில்தான் இருந்தார். ஒவ்வொரு முறை போகும்போதும் வெளியே பெரிய வரிசை நிற்கும். எனக்கு அப்போது ஹிந்தி பாதி புரியும், பேச வராது. அதனால் வீட்டுக்காரர்தான் பேசுவார். "ஜகாஸ் கா சக்கர், சாப்" என்று அதையே ஹிந்தியில் சொல்வார். டாக்டர் கால் வீக்கம் பார்ப்பார், ரத்தம் பார்ப்பார், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், கப்பலில் வாந்திக்குக் கொடுக்கிற மாத்திரையை எழுதிக் கொடுப்பார். அதைப் போட்டால் பகலெல்லாம் மயக்கமாகக் கிடப்பேன். இருட்டினதும் நெஞ்சு பழையபடி தன் வேலையை ஆரம்பிக்கும்.

வாயைத் திறக்காததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் கல்யாணம் ஆகிப் போன ஒரு பெண்ணைப் புத்தி சரியில்லை என்று சொல்லித் தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். பிரசவத்துக்கு வந்தவள்தான். பிறகு யாரும் அழைக்க வரவில்லை. அவள் கிணற்றடியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எனக்குள் நடப்பதை நான் சொன்னால் அந்தப் பெயர் எனக்கும் வரும். அந்தப் பெயரோடு கப்பல் ஏறினால் எனக்குத் திரும்பும் டிக்கெட் யார் எடுப்பார்கள்? நடுவில் இவ்வளவு கடல் வேறு. புருஷன், வீடு, நானே நட்ட வாழைக்கன்று, எல்லாம் இந்தப் பக்கம். நானும் பிள்ளையும் அந்தப் பக்கம். இதை நினைத்துத்தான் நான் சாப்பிடாமல் இருந்தேன். சாப்பிடாததைப் பார்த்து, சீக்கிரம் ஊருக்கு அனுப்பவேண்டும் என்று அவர்கள் டிக்கெட் எடுத்தார்கள்.

அன்று டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார். இன்னொரு கையில் என் மணிக்கட்டு இருந்தது, நாடி பார்த்துவிட்டு விட மறந்ததுபோல. அப்படியே ஹிந்தியில் கேட்டார், தூக்கம் வருகிறதா என்று.

என்னைத் திரும்பியும் பார்க்காமல் வீட்டுக்காரர் சொன்னார். "டீக் ஹை, சாப். நல்லா தூங்குறா. கொஞ்சம் சக்கர் இருக்கு, அவ்வளவுதான்."

டாக்டர் எழுதவில்லை. மணிக்கட்டையும் விடவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறவளுக்கு நாடி ஏன் இப்படி ஓடுகிறது என்று சிஸ்டரிடம் கேட்டார். பிறகு வீட்டுக்காரரிடம், இவள் தீவுக்கு எப்போது வந்தாள் என்றார்.

"தோ சால், சாப்."

பேனா மேஜைக்கு இறங்கியது.

"இரண்டு வருஷமா? இவளுக்குப் பிறகு கப்பல் ஏறி வந்தவன் நான். என் கப்பல் எப்போதோ இறங்கிவிட்டதே" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். வெளியே பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

அக்கா விடவில்லை. தன் ஹிந்தியில், "டாக்டர் சாப், இவளுக்கு ஒடம்பு மெலிசு, அதனால" என்று ஆரம்பித்தார். டாக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். வீட்டுக்காரரை வெளியே இருக்கச் சொன்னார். அவர் தயங்கித் தயங்கிப் போனார். அக்காவையும் போகச் சொன்னார். "நா எதுக்கு வெளியே? எனக்கென்ன ஹிந்தியா புரியும்?" என்று அதுவரை ஹிந்தி பேசிக்கொண்டிருந்த அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சிஸ்டர் என் பக்கத்தில் வந்து தன் மலையாளத் தமிழில் சொன்னார். "மோளே, நீ பறஞ்சோ. நீ என்ன சொல்லுதோ, ஞான் சாப்கிட்ட அதே மாதிரி சொல்லும். கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல."

என் வாயில் முதலில் வந்தது ஒரு கேள்விதான்.

"சொன்னா அந்தச் சீட்டுல எழுதுவாகளா?"

"எந்தா எழுதும்?"

"பைத்தியம்னு."

சிஸ்டர் கூட்டாமல் குறைக்காமல் ஹிந்தியில் சொன்னார். டாக்டர் பேனாவை எடுத்து மூடியைத் திருகிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். வெறும் கையை எனக்குக் காட்டினார்.

அதற்குப் பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பை, பாயை, இருட்டை, தூக்கத்தை. கடைசியாக, யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னேன். "எனக்கு இங்கன ஏதாச்சும் ஆயிட்டா எங்க ஆத்தாவுக்கு அடுத்த கப்பல் போனாத்தான் தெரியும். அதுவரைக்கும் அவுக நான் நல்லா இருக்கேன்னு நெனச்சுச் சோறு தின்னுகிட்டு இருப்பாக. அத நெனச்சாத்தான் நெஞ்சு அடைக்குது."

அக்கா முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இம்புட்டையும் உள்ள வச்சுக்கிட்டா என் ஊறுகாய நக்குன?" என்றார்.

டாக்டர் சொன்னதைச் சிஸ்டர் தமிழாக்கியது இன்றும் என் காதில் இருக்கிறது. இது பைத்தியம் இல்லை. கர்ப்பத்தில் கால் வீங்குவதுபோல மனசும் வீங்கும் என்றார். வீங்கின காலைத் துணியால் மூடினால் வடியாது. இதுவும் மூடினால் வடியாது. எங்களுக்குப் படிப்பில் இதைப் பற்றி அதிகம் சொல்லித் தரவில்லை, நானும் உன்னிடம் கேட்கவில்லை, கப்பல் மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், இனி அது வேண்டாம் என்றார். படித்த ஒருவர் என்னைப்போன்ற ஒருத்தியிடம் இப்படிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பிறகு வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டார். தூக்கம் வருகிறது என்று ஏன் சொன்னாய் என்று கேட்டார். அவர் பதிலை எனக்குத்தான் சொன்னார், தமிழில்.

"ராத்திரியெல்லாம் நீ முழிச்சுக்கிடக்கிறது எனக்குத் தெரியாதா? நானுந்தான் முழிச்சுக்கிடக்கேன். சொன்னா பாகல்னு, பைத்தியம்னு எழுதிருவாங்க. அப்புறம் கப்பல்ல ஏத்த மாட்டாங்க, ஊருக்குள்ளயும் பேராயிரும். அதான்."

இரண்டு பேரும் ஒரே வார்த்தைக்குப் பயந்து, ஒரே பாயில், ஒருவருக்கொருவர் தெரியாமல் முழித்துக் கிடந்திருக்கிறோம். சிஸ்டர் இதை டாக்டருக்குச் சொன்னபோது அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

கையெழுத்து போடவில்லை. இந்த நாடியோடு மூன்று ராத்திரி கடலில் புருஷன் துணை இல்லாமல் அனுப்பமாட்டேன், இங்கேயே பெறட்டும் என்றார். மருந்துச் சீட்டு எழுதவில்லை. ஆளாளுக்கு வேலை கொடுத்தார். வீட்டுக்காரர் இருட்டுவதற்குள் வீட்டில் இருக்கவேண்டும். நான் உடம்புக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் வாராவாரம் வந்து, சிஸ்டரிடம் அந்த வாரத்துப் பயங்களைச் சொல்லவேண்டும். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு பஸ் வசதி உள்ள இடத்துக்கு மாறிவிடவேண்டும். அக்காவின் தங்கை வீடு கராச்சர்மாவில் இருந்தது. "அங்கன ரூம்பு இருக்கு, நானும் கூடப் போறேன்" என்று அக்கா தனக்கான வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். ஆத்தாவைப் பற்றி டாக்டர் சொன்னது ஒரே வாக்கியம். போர்ட் பிளேரிலிருந்து தந்தி போகும், குழந்தை பிறந்த அன்றே நானே கொடுக்கிறேன்.

அந்த வாக்கியத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று ராத்திரி தூங்கிவிட்டேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். தூங்கவில்லை. ஆனால் முழித்திருப்பது தெரியட்டும் என்று முழித்திருந்தேன். அவரும் அப்படியே. பேசிக்கொண்டே கிடந்தோம். சில நாள் கழித்து, பேச்சு நடுவிலேயே தூங்கிப்போனேன். மறுநாள் அவர் அதை ஒரு குற்றம்போலச் சொல்லிக் காட்டினார். "நா மேஸ்திரி திட்டினதச் சொல்லிக்கிட்டு இருக்கேன், நீ கொறட்ட விடுற."

வாராவாரம் போனேன். சிஸ்டர் ஊசி கொதிக்க வைத்துக்கொண்டே கேட்பார். "மோளே, இந்த ஆழ்ச்சை எந்தா பேடி?" ஆழ்ச்சை என்றால் வாரம், பேடி என்றால் பயம். நான் சொல்வேன். பிள்ளைக்கு விரல் குறைவாக இருக்குமோ. மழையில் ரோடு அடித்துக்கொண்டு போய்விடுமோ. நான் பெற்ற பிள்ளை என்னைப்போலவே பயந்ததாக இருக்குமோ. சிஸ்டர் எதற்கும் ஆறுதல் சொல்லமாட்டார். ரோட்டைப் பற்றிய பயத்துக்கு, "நின்ட பர்த்தாவல்லே ரோடு போடுறது, அவனோட கேளு" என்றார். வாய்விட்டுச் சொல்லும்போது பயம் கொஞ்சம் சின்னதாகத் தெரியும். சில வாரம் சொல்ல ஒன்றும் இல்லாமல், போகிற வழியில் யோசித்து ஒன்று கண்டுபிடித்துக்கொண்டு போவேன். பயமில்லாமல் போய் நிற்க வெட்கமாக இருந்தது.

கராச்சர்மாவில் வலி எடுத்தது ஒரு காலை நேரம், நல்ல மழை. அக்கா என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்து டவுன் பஸ்ஸில் ஏற்றினார். கண்டக்டர் ஒரு பஞ்சாபி. டிக்கெட் கிழிக்க வந்தவரிடம் அக்கா, "இந்தாப்பா, இவளுக்கு ஒரு டிக்கெட்டா ரெண்டு டிக்கெட்டான்னு ஆஸ்பத்திரி வாசல்லதான் தெரியும், நீ விசிலு ஊது" என்றார் தமிழில். அவருக்கு என்ன புரிந்ததோ, விசில் ஊதினார். அதற்குப் பிறகு அந்த பஸ் எந்த ஸ்டாப்பிலும் நிற்கவில்லை. கை காட்டியவர்கள் எல்லாம் மழையில் நின்று திட்டினார்கள். உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தெலுங்கிலும் வங்காளத்திலும் ஹிந்தியிலும் திருப்பிக் கத்தினார்கள். மீன்கூடையோடு இருந்த ஒரு அம்மாள் தன் முழங்காலை எனக்குப் பிடித்துக்கொள்ளக் கொடுத்தாள். ஒவ்வொரு வலிக்கும் அவள் முழங்காலை அழுத்தினேன். அவளும் ஐயோ என்றாள், எனக்குத் துணையாக. வாழ்நாளெல்லாம் வரப்போகிற கெடுதலையே எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அந்த பஸ்ஸில் எண்ண நேரமில்லை. நான் ஒரு மகாராணிபோலப் போனேன் என்றுதான் சொல்லவேண்டும். ஒரு பஸ் நிறைய சனம் எனக்காகச் சத்தம் போட்டது.

பெண் பிறந்தாள். விரல்கள் எல்லாம் இருந்தன. அழுத சத்தத்தைக் கேட்டால் அவள் எதற்கும் பயந்தவள் இல்லை என்று தெரிந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறாள்.

மத்தியானம் டாக்டர் வார்டுக்கு வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று, யாரிடமோ கேட்டு மனப்பாடம் செய்த தமிழில் மெதுவாகக் கேட்டார். "பயமா இருக்கா?"

"இருக்கு" என்றேன். "ஆனா பசிக்குது."

முதல் பாதி அவருக்குப் புரிந்தது. இரண்டாம் பாதியை அக்கா வயிற்றைத் தட்டிக் காட்டி விளக்கினார். அவர் தலையாட்டிவிட்டு நேரே தந்தி கொடுக்கப் போனார்.

அந்தத் தந்தியின் கதையை ஆத்தாவின் கடிதம் அடுத்த கப்பலில் கொண்டுவந்தது. பக்கத்து வீட்டு வாத்தியாரைக் கொண்டு எழுதியிருந்தார்கள். எங்கள் தெருவில் தந்தி என்றால் சாவுதான். தந்திக்காரனைப் பார்த்ததும் ஆத்தா அதை வாங்கிப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, வாத்தியார் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை உட்கார்ந்தே இருந்தார்களாம். அவர் படித்துச் சொன்ன பிறகும் நம்பாமல் மறுபடி படிக்கச் சொன்னார்களாம். "உனக்கு வேற வழி தெரியலையா" என்று கேட்டிருந்தார்கள். எனக்கு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அன்று தெரிந்தது. கடிதத்தை டிஸ்பென்சரிக்கு எடுத்துப் போய்ச் சிஸ்டரிடம் படித்துக் காட்டினேன். சிஸ்டர் சிரித்த சிரிப்பில் ஊசிப் பாத்திரம் கொதித்து வழிந்தது.

டாக்டர் அதற்குப் பிறகு அந்த "பயமா இருக்கா" கேள்வியை விடவேயில்லை. டிஸ்பென்சரிக்கு வருகிற கர்ப்பிணிகள் ஒவ்வொருவரிடமும், காலைப் பார்த்து, ரத்தம் பார்த்து, கடைசியில் அதையும் கேட்பார். எங்களிடம் தமிழில், மற்றவர்களிடம் அவரவர் பேச்சில். புருஷன்மார்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் கேட்பார். ஆரம்பத்தில் பெண்கள் அவருடைய உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது சிலருக்கு அழுகை வந்துவிடும். அப்படி அழுதவர்களைச் சிஸ்டர் என்னிடம் அனுப்பிவைத்தார். நான் என்ன வைத்தியமா செய்தேன்? பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "எனக்கும் இருந்துச்சு" என்பேன். அவ்வளவுதான். அவர்கள் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். மாற்றலாகி மெயின்லேண்ட் போகும்வரை எங்கள் பக்கத்தில் அவருக்குப் பெயரே "பயமா இருக்கா டாக்டர்" என்று ஆகிவிட்டது.

அக்கா மட்டும் மாறவில்லை. "டாக்டர் என்ன வேணா சொல்லட்டும், அது கப்பல் சக்கர்தான். கொஞ்சம் தங்கி இறங்குச்சு" என்பார். ஏறாத கப்பலின் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தபோது ஆபீஸில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தந்தார்கள். வந்ததை அக்காவிடம் அன்றே கொடுத்துவிட்டோம். பிடித்ததைச் சம்பளத்தில் எடுத்துக்கொண்டு போனபோது அவர் கை நீட்டவில்லை.

"கப்பல் சக்கர்னு ஒருக்கா ஒத்துக்க. அப்புறமா வாங்கிக்கிறேன்."

"அது கப்பல் சக்கர் இல்லக்கா."

"அப்ப போய்ட்டு வா."

வருஷா வருஷம் பொங்கலுக்கு நான் அதை எடுத்துக்கொண்டு போவேன். வருஷா வருஷம் அவர் அதையே கேட்பார். நானும் அதையே சொல்வேன். அன்று அந்த அறையில் நான் திறந்த வாயை அதற்காக மூட எனக்கு மனம் இல்லை. என் பெண்ணின் கல்யாணப் பந்தலில்கூட, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அக்கா கேட்டார், நான் இல்லை என்றேன். அதனால் இன்றைய தேதி வரைக்கும் நான் அவருக்குத் தரவேண்டியது பதினோரு ரூபாய்.